குடிநீரும் மணப்பாகும்: தஞ்சைநாட்டு மனைகளிற் பாகு காய்ச்சிய வரலாறு

சித்திரைத் திங்களின் நண்பகலில் வெயிலுக்கு இளைத்து நம் இல்லத் திண்ணையில் வந்தமர்ந்த ஒருவர்க்கு, பானைத் தண்ணீரில் இரண்டு கரண்டி நன்னாரிப் பாகு கலந்து, எலுமிச்சம்பழம் அரைமூடி பிழிந்து கொடுத்தல் தஞ்சைநாட்டு மனைகளில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். அதனை அருந்தி மகிழ்வோர் பலர். ஆயின், அப்பாகு யார் யார் கைவழியாக நம் அடுக்களையை வந்தடைந்தது, அதற்கு இன்ன அளவு என்று எழுதிவைத்தவர் எவர் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. மன்னர் செய்த போர்களும் கோயில் திருப்பணிகளுமன்றோ வரலாறு, அடுப்பிற் கொதிப்பதும் வரலாறாகுமோ என்று நம் சகோதரர் சிலர் வினவக்கூடும். ஆகும் என்பதே எமது துணிபு. ஒரு குலத்தார் எதனைப் போற்றிக் காத்தனர், எதனைக் காவாது இழந்தனர், எதனை யார்க்கு ஈந்தனர், யார்க்கு ஈயாது ஒழிந்தனர் என்பவற்றைக் காட்டுவதற்கு அடுக்களையினும் சிறந்த சான்று வேறில்லை.

இதனை எழுதத் தூண்டிய காரணம் ஒன்றுண்டு. எம் பாட்டியார் கொல்லையில் வளர்ந்த ஆடாதொடை, துளசி, இஞ்சி இவற்றைக்கொண்டு ஒரு பாகு காய்ச்சுவார். தெருவில் எக்குழந்தைக்கு இருமல் கண்டாலும் கிண்ணம் ஏந்தி எம் வீட்டு வாயிலுக்கே வருவர். அளவு யாதென வினவினால், "அது கைக்கு வரும்" என்பதே அவர் விடை. பெண்மக்கட்குச் சொன்னால் கைப்பாகம் வேறு வீட்டிற்குப் போய்விடும் என்று சொல்லாதிருந்தார். மருமகளிர்க்குச் சொல்லக் காலம் வாய்க்கவில்லை. அவர் காலஞ்சென்ற பின்னர் உறியில் எஞ்சியிருந்த ஒரு புட்டிப் பாகு ஆறு திங்கள் வரையிற் கெடாதிருந்தது. பாகு நிலைத்தது, அதனைச் செய்யும் அறிவோ அவரோடே போயிற்று. இத்தகைய இழப்பு நம்மவருள் எத்தனை இல்லங்களில் நேர்ந்திருக்குமென்பதை வாசகர்களே தத்தம் நினைவிற் கணக்கிட்டுக்கொள்வாராக.

பாகு என்பது யாது? சித்த மருத்துவ நூலார் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளை முப்பத்திரண்டு வகையாகப் பகுத்தனர். சுரசம், சாறு, குடிநீர், கற்கம் என்று தொடங்கும் அவ்வரிசையில் மணப்பாகு என்பதும் ஒன்று. மூலிகையின் சாற்றையோ குடிநீரையோ சர்க்கரை அல்லது கற்கண்டுடன் கூட்டி, மணம் எழும்படி பாகுபதத்திற் காய்ச்சி இறக்குவது மணப்பாகு எனப்பட்டது. அந்நூலார் ஒவ்வொரு மருந்துக்கும் ஆயுள் வகுத்துள்ளனர். மூலிகையை நீரிலிட்டுக் காய்ச்சி வடித்த குடிநீர்க்கு ஆயுள் ஒரு சாமம், அஃதாவது மூன்று மணி நேரம். அதே குடிநீர் சர்க்கரையொடு கூடி மணப்பாகான பின்னர் அதற்கு ஆயுள் ஆறு திங்கள். மூலிகை ஒன்றே, நீர் ஒன்றே, அடுப்பும் ஒன்றே; இடையில் வேறுபாடு செய்வன அளவும் பதமுமே. இவ்வொரு செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். இனிச் சொல்லப்போகும் வரலாறு முழுவதும் இதன் விரிவேயாகும்.

பாகுக்கு முதற்பொருள் கரும்பு. காவிரிநாட்டிற்குக் கரும்பு புதியதன்று. கரிகாற்சோழன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், கரும்பாலையின் வெப்புகையால் அருகிலுள்ள நீர்வயற் பூக்கள் வாடிய செய்தி வருகின்றது. ஆகவே, ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே இந்நாட்டில் ஆலைக்கொட்டிலும் வெல்லக் கொப்பரையும் இருந்தன என்பது தெளிவு. இன்றும் பாபநாசத்தை அடுத்த வீரமாங்குடி முதலிய ஊர்களில் அச்சுவெல்லம் காய்ச்சும் மணம் கொள்ளிடக் கரைக்காற்றில் வீசுகின்றது. அவ்வெல்லத்தை நீரிற் கரைத்துச் சுக்கும் ஏலமும் சேர்த்த பானகம் நம் திருவிழாக்களுக்கு உரிய பருகுநீர். தஞ்சை இரகுநாத நாயக்கர் (1600–1634) காலத்து எழுந்த கும்பகோணம் இராமசுவாமி கோயில் முதலாக, இராமபிரான் எழுந்தருளியுள்ள தலங்களில் ஸ்ரீராமநவமியன்று பானகமும் நீர்மோரும் வழங்குதல் யாவரும் அறிந்ததே. ஆயினும் பானகம் அன்றைக்கன்று கரைத்து அன்றே பருகத்தக்கது, மறுநாள் புளித்துப்போம். வெல்லம் மிகுதியாக இருந்தபோதிலும் நீர் அதனினும் மிகுதி. பானகம் குடிநீரைப் போன்றது, பாகாகாது.

மருந்தைச் சேமித்துவைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் சோழர் காலத்திலேயே அரச ஏற்பாடாக இருந்தது. இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் தஞ்சையில் தம் தந்தையார் பெயரால் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலை என்னும் மருத்துவச்சாலையை நிறுவி அதற்கு நிலம் விட்டார். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், வீரராசேந்திரசோழன் காலத்துக் கல்வெட்டொன்று 11ஆம் நூற்றாண்டின் ஆதுலர்சாலை ஒன்றினை மிக விரிவாகக் கூறுகின்றது. பதினைந்து நோயாளிகட்குப் படுக்கையும், வைத்தியரும், சல்லியக்கிரியை செய்வாரும், மூலிகை கொணர்வாரும், மருந்தடும் பெண்டிரும் அங்கு இருந்தனர். ஓராண்டுக்கு இருக்கவேண்டிய மருந்துகளின் பெயரும் அக்கல்லில் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. அவற்றுட் பல கடுக்காய்ச் சேர்க்கைகளும், நெய்களும், எண்ணெய்களுமாம். அஃதாவது, நெடுநாள் நிற்பவை. மருந்தின் பெயரும் அளவும் கல்லின்மேல் எழுதப்பட்டமையாலன்றோ இன்று நாம் அதனைப் படிக்கின்றோம்? அதே காலத்தில் எத்தனையோ மனைகளில் எத்தனையோ அம்மையார் செய்த கைம்மருந்துகள், எழுதுவாரின்றி அடுப்புப் புகையொடு போயின.

இனிச் சர்பத்து என்னும் சொல்லுக்கு வருவோம். இது தமிழ்ச்சொல் அன்று. பருகுதலைக் குறிக்கும் அரபு மொழி வேர்ச்சொல்லிலிருந்து தோன்றிப் பாரசீகம், இந்துஸ்தானி வழியாக நம்மை அடைந்தது. அதே வேரிலிருந்து எழுந்த மற்றொரு சொல் இலத்தீன் மொழிக்குட் சென்று, ஆங்கிலத்திற் சிரப்பு என வழங்கி, இன்று மருந்துக்கடை வழியாக நம் வீட்டிற்குள் நுழைந்துள்ளது. எனவே, பாட்டி கலக்கிய சர்பத்தும் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சிரப்பும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். யூனானி மருத்துவர் மலர், கனி, வேர் இவற்றின் சாரத்தைச் சர்க்கரைப் பாகில் நிறுத்தும் கலையில் வல்லுநர். நாகப்பட்டினமும் நாகூரும் கடல்வாணிகத்தால் அரபு நாட்டாரொடும் கீழ்நாட்டாரொடும் நெடுங்காலம் உறவுபூண்ட துறைகள். நாகூர்த் தர்காவின் 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் (1739–1763) என்பதை நோக்குங்கால், இந்நாட்டில் எச்சமயத்தாரும் ஒருவர் பந்தலில் ஒருவர் நிழல்கொண்டனர் என்பது விளங்கும். சித்தர் சொன்ன மணப்பாகும் அரபு நாட்டுச் சர்பத்தும் ஒன்றையொன்று அறிந்து கலந்ததில் வியப்பில்லை. சர்க்கரை என்பது வடசொல். சீனி என்பதோ சீன நாட்டை நினைவூட்டும் சொல். ஒரு குவளைப் பாகில் எத்தனை நாட்டார் கைகலந்துள்ளனர் என்று பார்மின்!

மராட்டியர் ஆட்சி 1676இல் ஏகோஜியால் தஞ்சையில் நிலைபெற்றது. அவர்தம் அரசி தீபாபாயின் ஆதரவில் இரகுநாத கணேச நவஹஸ்தர் என்னும் பண்டிதர் போஜன குதூகலம் என்னும் வடமொழி நூலை இயற்றினார். தானியம், காய், கனி, பால், நீர் முதலிய உணவுப்பொருள்களின் குணங்களை முன்னோர் நூல்களினின்றும் தொகுத்துரைக்கும் பெருநூல் அது. எனினும், நம் பொருளுக்கு மிக இன்றியமையாத மன்னர் இரண்டாம் சரபோஜியே (1798–1832) ஆவர். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கும்பெனியார் கைக்குப் போயிற்று. கோட்டையும் அரண்மனையும் ஓரளவு வருவாயுமே அவர்பால் எஞ்சின. வாளுக்கு வேலையில்லாத அவ்வரசர் ஏட்டைக் கையில் எடுத்தார். சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கினார். தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ ஆராய்ச்சிச் சாலையை நடத்தினார். மூலிகைத் தோட்டம் வைத்தார். மூலிகைகளைக் கண்டவாறே வண்ணத்தில் தீட்டுவித்தார்.

அவர்க்கு அக்கலையில் ஊக்கம் பிறந்ததற்கு அயலிலும் தூண்டுதல் இருந்தது. டேனியர்க்குரியதாய் 1620 முதல் 1845 வரை விளங்கிய தரங்கம்பாடியில், லின்னேயஸ் என்னும் பெரும்புகழ்த் தாவர நூலாரின் மாணாக்கர் கோனிக் என்பார் 1768இல் வந்திறங்கினார். 1776இல் வந்த ராட்லர் என்னும் பாதிரியாரும் தமிழ்நாட்டுச் செடிகொடிகளைத் தேடித் திரட்டிப் பெயரிட்டுலர்த்தி ஐரோப்பாவுக்கு விடுத்தார். சரபோஜிக்கு இளமையிற் காவலராயிருந்த சுவார்ட்ஸ் பாதிரியார் இவர்கள் குழுவைச் சார்ந்தவரே. மேனாட்டார் நம் வேலியோரத்துக் கொடியை வணங்கி எடுத்து ஏட்டில் ஒட்டிவைத்தபொழுது, அக்கொடியின் மகவாகிய மருந்தினை நம் ஏட்டில் எழுதிவைத்தவர் சரபோஜி. அவர் காலத்து மருத்துவர் கையாண்ட முறைகள் நோய்வாரியாக வகுக்கப்பெற்று, எளிதில் நெட்டுருச் செய்தற்குரிய தமிழ்ச் செய்யுள்களாக ஆக்கப்பட்டன. சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் அவற்றைச் சரசுவதி மகால் நூலகத்தார் பின்னர்ப் பகுதி பகுதியாக அச்சிட்டு வெளியிட்டனர். அரண்மனை அடுக்களையின் சமையல் முறைகளும் சரபேந்திர பாகசாஸ்திரம் என்னும் மராட்டி நூலாக எஞ்சியுள்ளன. பாகம் என்னும் சொல் சமையலுக்கும் பெயர். அச்சொல்லே பாகு, பாகுபதம் என்றெல்லாம் நம் நாவில் வழங்குவது. அரசர்க்கே உரிய அடுக்களை இரகசியம் இன்று யாவர்க்கும் உரிய நூலாயிருப்பது எதனால்? எழுதப்பட்டதனால்.

நன்னாரியின் கதை இதனினும் சுவையுடைத்து. சென்னை இராசதானியிற் படைமருத்துவராயிருந்த வைட்லா எயின்ஸ்லி 1813இல் சென்னையில் அச்சிட்ட இந்துஸ்தான மருந்துப்பொருள் நூலில், நம் நாட்டு வைத்தியர் கையாளும் சரக்குகளைத் தொகுத்துத் தந்தார். அமெரிக்காவினின்று பெருவிலை கொடுத்துத் தருவிக்கப்பட்ட சார்சபரில்லா வேருக்கு ஈடாக நம் நன்னாரி பயன்படும் என்று மேனாட்டு மருத்துவர் கண்டுகொண்டனர். நாட்டுச் சார்சபரில்லா என்றே அதற்குப் பெயரிட்டனர். 1864இல் முதன்முதல் வெளிவந்த பிரிட்டிஷ் மருந்து நூலில் நன்னாரி வேர் இடம்பெற்றது. நன்னாரிப் பாகும் அங்கு ஒரு மருந்தாக ஏற்கப்பட்டது. 1868இல் வேரிங் என்பார் தொகுத்த இந்திய மருந்து நூலிலும் அது போற்றப்பட்டது. கொல்லைப்புறத்துக் கொடி இலண்டன் மாநகரின் மருந்தேட்டில் ஏறியது.

அவ்வேட்டின் முறையைச் சற்றே நோக்குவோம். இடித்த நன்னாரி வேர் 4 அவுன்ஸ். கொதிக்கும் நீர் 1 பைண்டு. மூடிய பாத்திரத்தில் நான்கு மணி நேரம் ஊறவிட்டு வடித்து, மண்டி தங்கியபின் தெளிவை இறுத்து, 28 அவுன்ஸ் வெள்ளைச் சர்க்கரையை இளஞ்சூட்டிற் கரைத்தல் வேண்டும். வேரினைக் கொதிக்கவிடுதல் இல்லை. பாத்திரத்தைத் திறந்துவைத்தலும் இல்லை. காரணம் யாதெனின், நன்னாரியின் மணச்சத்து ஆவியாய்ப் பறந்துபோகும் இயல்பினது. அச்சத்து வனிலாவின் மணப்பொருளாகிய வனிலினுக்கு மிக நெருங்கிய உறவினது என்று இக்கால இரசாயனர் கண்டுள்ளனர். வேரைத் தட்டி நடுநரம்பை நீக்கிப் பட்டையை மட்டும் இரவு முழுதும் மூடியிட்டு ஊறவைக்கும் நம் அம்மையார் இரசாயனம் பயின்றவர் அல்லர். ஆயினும் அவர் கை அறிந்ததையே அவ்வேடும் கூறுகின்றது. வேறுபாடு ஒன்றே. அவர்கள் அளவை எழுதினார்கள். அதனால் கடல்கடந்த நாட்டிலும் யாரும் அதனைச் செய்யலாயிற்று.

அளவையும் எழுத்தையும் போற்றிய ஒருவர் நம் தஞ்சையிலேயே பின்னரும் தோன்றினார். கருணாமிர்த சாகரம் என்னும் இசைப்பெருநூலை 1917இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரை (1859–1919) இசைவாணராகவே பலரும் அறிவர். அவர் சித்த மருத்துவர் என்பதைச் சிலரே நினைப்பர். தெற்கே பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியராயிருந்து, தஞ்சையை உறைவிடமாகக் கொண்ட அப்பெரியார், நகர்ப்புறத்தே பெருந்தோட்டம் ஒன்று அமைத்து மூலிகைகளைத் தாமே பயிரிட்டார். பண்டிதர் தோட்டம் என்று அஃது இன்றும் பேர்பெற்றுள்ளது. தாம் செய்த மருந்துகளை ஊர்தோறும் அனுப்பி, அவ்வருவாயைக் கொண்டே இசை மாநாடுகளைக் கூட்டினார். மருந்துச்செடி இசைக்கு உரமாயிற்று. கொல்லையில் ஒரு மூலிகை வளர்ப்பது சிறுதொழில் என்று இகழ்வார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இத்துணைச் சிறப்பும் இருந்தும் நம் இல்லங்களிற் பாகு காய்ச்சுதல் அருகியது ஏன்? கோலி அடைத்த சோடாப் புட்டி 1870களில் இங்கிலாந்தில் தோன்றி நம் கடைவீதிக்கும் வந்தது. சோடாவொடு நன்னாரிச் சர்பத்தைக் கலந்து கடைக்காரர் விற்கத் தொடங்கியபின், வீட்டிற் செய்வானேன் என்ற எண்ணம் பிறந்தது. பின்னர் வேரே இல்லாத நன்னாரிப் பாகும் வரலாயிற்று. சாயமும் செயற்கை மணமும் அதற்குப் போதுமாயின. மெய்யான வேரும் இப்பொழுது எளிதிற் கிடைப்பதன்று. நன்னாரி நம் களிமண் வயல்களில் விளைவதன்று. வல்லத்து மேட்டுப்புறம் போன்ற செம்மண் நிலத்து வேலியோரங்களையும் புதர்களையும் நாடுவது. வேலிகள் கம்பியாயின, புதர்கள் மனைக்கட்டுகளாயின. நம் வீடுகளில் ஊறுகாய்க்கு உரிய மாகாளிக் கிழங்கும் அதே மணமுடையதாதலின், அதனை நன்னாரிக்குப் பிரதியாக அகழ்ந்தெடுத்து, இன்று அக்கொடியும் அழியும் நிலைக்கு வந்துள்ளது. இவையெல்லாம் வெளிக்காரணங்கள். உட்காரணம் ஒன்றுண்டு. அஃது இரகசியம். கைப்பாகம் பிறர்க்குப் போகலாகாது என்று பொத்திவைத்தோம். பொத்திய கையிலேயே அது மாண்டது. மறைத்த அறிவு குடிநீரைப் போன்றது. அதற்கு ஆயுள் ஒரு சாமம். எழுதிப் பகிர்ந்த அறிவே மணப்பாகு.

ஈண்டு மற்றொன்றையும் மறையாது கூறுதல் எம் கடன். நம் முன்னோர் கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைத்ததனை நம் சங்கத்தார் பெருமையுடன் பேசுகின்றோம். பேசத்தக்கதே. ஆயினும் அப்பந்தலின் பானகம் யாவர்க்கும் ஒரு குவளையில் வழங்கப்பட்டதன்று. வயலில் நமக்காக உழைத்த மக்களுக்கு அது எட்டநின்று வார்க்கப்பட்டது. கையேந்தியோ கொட்டாங்கச்சியிலோ அவர்கள் வாங்கிப் பருகினர். இன்னுங் கொடியது ஒன்று. விருந்தினர்க்கு நன்னாரி கலக்கிய இதே தஞ்சை மாவட்டத்துப் பண்ணைகளில், பண்ணையாட்களுக்குத் தண்டனையாகச் சாணிப்பால் புகட்டிய வழக்கம் இருந்தது. 1940களில் அம்மக்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்த பின்னரே அது ஒழியலாயிற்று. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. நம் குலத்தார் எல்லோரும் அவ்வாறு செய்தார்கள் என்பது எம் கருத்தன்று. ஆயினும், நம்மவர் எவரும் அதனைக் கண்டதில்லை, கேட்டதில்லை என்று நெஞ்சறியச் சொல்லவொண்ணாது. இனிமையின் வரலாற்றை எழுதப் புகுந்தவன் அதன் அருகே இருந்த கசப்பை எழுதாது விடின், அஃது அரைப்பதத்தில் இறக்கிய பாகாகும், விரைவிற் புளிக்கும்.

நமக்கு நல்வழி காட்டினார் நம் நாட்டிலேயே உளர். திருவையாற்றை அடுத்த திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள் அந்தணர். வேளாண் மரபினராகிய திருநாவுக்கரசரை நேரிற் காணுமுன்னரே அவர்பாற் பேரன்பு பூண்டு, தாம் வைத்த தண்ணீர்ப்பந்தலுக்கு அவர் திருப்பெயரையே இட்டனர் என்று சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறுகின்றார். தம் குலப்பெயரையோ தம் பெயரையோ அவர் எழுதவில்லை. வழிநடந்து வந்த நாவுக்கரசர் அப்பந்தலைக் கண்டு வியந்து நின்றார். ஒரு பந்தலுக்கு இதனினும் உயர்ந்த இலக்கணம் யாது?

இனி, எழுதுக என்று பிறர்க்குச் சொல்லிவிட்டு எழுதாதிருத்தல் முறையன்று. ஆதலின், நன்னாரிப் பாகிற்குரிய அளவை இக்காலத்து அளவையிலேயே தருகின்றோம். நன்கு கழுவி நடுநரம்பு நீக்கித் தட்டிய வேர்ப்பட்டை 100 கிராம். அதன்மேல் நன்றாகக் கொதித்த நீர் 500 மில்லி லிட்டர் ஊற்றி, இறுக மூடி நான்கு மணி நேரமேனும் வைக்க. வெண்துணியில் வடித்துத் தெளியவிட்டு, 700 கிராம் சர்க்கரையை அதிலிட்டு இளந்தீயிற் கரைக்க. விரலிடையில் தொட்டால் ஒட்டும் பிசுக்குப் பதம் போதும். கம்பிப் பதத்திற்குப் போதல் வேண்டா. இறக்கி ஆறியபின் எலுமிச்சம்பழச் சாறு ஒரு கரண்டி சேர்த்து, ஈரமில்லாப் புட்டியில் அடைக்க. புளிப்பு இருத்தலால் ஈயம் பூசாத பித்தளையைத் தொடலாகாது; களிம்பேறும். கற்சட்டியோ எவர்சில்வர்ப் பாத்திரமோ நன்று.

அளவு ஏன் இத்துணைக் கண்டிப்பு எனின், காரணம் கேண்மின். பாகு கெடாதிருப்பது சர்க்கரை மிகுதியால் அன்றி வேறொன்றாலும் அன்று. சர்க்கரை நீரைத் தன்பாற் பற்றிக்கொள்ளுதலால், புளிக்கச்செய்யும் நுண்ணுயிர்க்குப் பருக நீர் கிடையாது. சர்க்கரை இரண்டு பங்கும் நீர் ஒரு பங்குமாக நின்றால் பாகு நிலைக்கும். சர்க்கரை குறைந்தால் நுரைத்துப் புளிக்கும். மிகுந்தால் அடியிற் கற்கண்டாய்க் கட்டி, மேலே நின்ற நீர்த்த பாகு கெடும். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு சர்க்கரையிற் சிறிது பகுதியை உருமாற்றி, அங்ஙனம் கட்டாமற் காக்கும். நுரையும் புளிநாற்றமும் கண்ட பாகை இரக்கமின்றிக் கொட்டிவிடுக.

இவ்வாறே துளசி, புதினா, கற்பூரவல்லி, இஞ்சி, பன்னீர் ரோஜா, வெட்டிவேர் இவற்றிலும் பாகு செய்தல் கூடும். இலையும் பூவும் வேரினும் மெல்லியன. கொதிநீர் ஊற்றி மூடிய அரைமணி நேரமே அமையும். ஆடாதொடைப் பாகு இருமலுக்குச் சிறந்தது. அதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் சத்தினை முன்மாதிரியாகக் கொண்டே, 1960களில் பிரோம்ஹெக்சின் என்னும் மேனாட்டுச் சளிமருந்து ஆக்கப்பட்டது. எனினும் கருவுற்ற மகளிர்க்கு ஆடாதொடை ஆகாது. கைக்குழந்தைகட்கும் மருத்துவரைக் கேளாது கொடுத்தல் ஆகாது. மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாதலின் நீரிழிவுடையார்க்குப் பாகு எதுவும் ஏற்றதன்று. நீரிழிவுக்கெனவே சரபேந்திர வைத்திய முறைகளில் ஒரு தனிப்பகுதி உண்டென்பதை ஈண்டு நினைவூட்டுகின்றோம்; நம் நாட்டில் அந்நோய் நேற்று வந்ததன்று.

சகோதர சகோதரிகளே, நாம் வேண்டுவன இரண்டே. முதலாவது, நும் இல்லத்து மூத்த அம்மையாரிடம் இவ்வாரமே சென்று அமர்ந்து, அவர் கைக்கு வரும் பாகம் எதுவாயினும், பாகோ, லேகியமோ, எண்ணெயோ, ஊறுகாயோ, அதனை அவர் செய்யுங்கால் உடனிருந்து நிறுத்து அளந்து எழுதுக. அவர் ஒரு பிடி என்றால் அப்பிடியைத் தராசிலிட்டுப் பார்க்க. எழுதியதை நம் இதழுக்கு விடுக்க. அம்மையார் பெயரால் அச்சிட்டு யாவர்க்கும் உரியதாக்குவோம். பெண்மக்கள் புகுந்த வீட்டிற்கு எடுத்துச்செல்லினும் நன்று. பிற குலத்தார் படித்துச் செய்யினும் அதனினும் நன்று. இரண்டாவது, வருஞ் சித்திரையில் நாம் வைக்கும் பந்தலில், வீட்டிற் காய்ச்சிய நன்னாரிப் பாகு கலந்த நீரை, வருவோர் எக்குலத்தாராயினும் ஒரே பானையினின்று ஒரே குவளையாற் கொடுப்போம். குலப்பெயர் எழுதிய பலகை அப்பந்தலுக்கு வேண்டா.

எம் பாட்டியாரின் அளவை யாம் இனி அறியமாட்டோம். நும் பாட்டியாரின் அளவு இன்னும் அவர் கையில் உயிரோடிருக்கின்றது. குடிநீரின் ஆயுள் ஒரு சாமமே. அச்சாமம் கழியுமுன் அதனை மணப்பாகாக்குவீராக. இறைவன் அருள்புரிவானாக.